பொடியக்காவும் ஏழு மரங்களும்

பொடியக்கான்னு பேரைக் கேட்டதும், மூக்குப்பொடி போடுற அம்மா போலன்னு புதுசா வர்றவங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது. பழைய படம், பழைய கடிதம், கிழிஞ்ச மேப்பு, இதையெல்லாம் சரி பண்ணிக் கொடுக்கிற இடம் எங்களோடது. அங்க காகிதத்தைச் சுத்தம் பண்றது அக்கா வேலை. ரப்பரைத் துருவிப் பொடியாக்கி, காகிதத்து மேல தூவி, விரல் நுனியால வட்டம் வட்டமா உருட்டுவாங்க. அழுக்கு பொடியில ஒட்டிக்கிட்டு வந்துடும். முப்பத்தோரு வருஷமா இதே வேலை. அக்காவோட வலது கை ஆள்காட்டி விரல்ல ரேகையே கிடையாது. ஆபீஸ்ல விரலை வச்சு வருகை பதியிற மெஷின் வந்தப்போ அது அக்காவை ஆளாவே மதிக்கல. தினம் நாங்க போய் சாட்சி சொல்லணும்.

இவ்வளவு சுத்தம் பார்க்கிற ஆளோட வீடு எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க? ஒரு தடவை போயிருக்கேன். டிவி மேல விரலால பேர் எழுதலாம். அக்கா வீட்டுக்காரர் பஸ் டிரைவர், நல்ல மனுஷன். "சம்பளம் குடுத்தாத்தான் உங்க அக்கா தூசியைத் தொடுவாங்க"ன்னு என்கிட்ட சொல்லிச் சிரிச்சார். அக்காவும் அதை மறுக்கல.

நான் யாருன்னு கேட்டா, சட்டம் போடுறவன். மரத்தை அறுத்து, மூலை சேர்த்து, கண்ணாடி வச்சு மூடுறது என் வேலை. அது பத்தாதுன்னு முன்பக்க மேஜையில உட்கார்ந்து, வர்ற பொருளை வாங்கி, படிவம் எழுதி உள்ள அனுப்புறதையும் என் தலையில கட்டிட்டாங்க. ரெண்டு ஆள் வேலை ஒரு ஆளுக்கு. வாயைத் திறந்தா கோபக்காரன்னு பேர். படிவத்துல "உரிமையாளர் சொன்னவை"ன்னு ஒரு கட்டம் இருக்கும். வர்றவங்க சொல்ற கதையெல்லாம் அதுல எழுதணும்னா எனக்கு மூணு கை வேணும். அதனால நான் ரெண்டு வார்த்தைக்கு மேல எழுதினதே இல்ல. இதை இப்பவே சொல்லிடுறேன், பின்னாடி மறைச்சேன்னு யாரும் சொல்லக் கூடாது.

அந்தப் படத்தைக் கொண்டுவந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். துணியில சுத்தி, குழந்தையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி கொண்டுவந்தார். கண்ணாடி எப்பவோ உடைஞ்சு பாதி விழுந்திருந்துச்சு. உள்ள பென்சில்ல வரைஞ்ச ஏழு மரம். கிட்டத்தட்ட எண்பது வருஷத்துப் படம். வரைஞ்சது அவரோட தாத்தா, ஏதோ ஒரு அலுவலகத்துல பிளான் வரையிற வேலை பார்த்தவராம். படம் இப்போ அத்தைகிட்ட இருக்கு, அதாவது தாத்தாவோட பொண்ணுகிட்ட. நாற்பது வருஷம் அவங்க சமையலறைச் சுவர்ல மாட்டியிருந்திருக்கு. மொத்தப் படமும் சாம்பல் நிறத்துல, எது மரம் எது அழுக்குன்னு தெரியாம கிடந்துச்சு.

அத்தை கல்யாணம் பண்ணிக்கல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் லைன் இணைச்சுக் கொடுத்தவங்க, ஊர்ல பாதிப் பேரோட நம்பர் மனப்பாடமாம். இப்போ எண்பத்தி நாலு வயசு. நாலாவது மாடியில ரெண்டு ரூம் வீட்டுல தனியா இருக்காங்க. ரெண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்துட்டாங்க. ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கதவைத் தன் சாவியால திறக்கப் பார்த்திருக்காங்க. முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்னு இவரும் இவர் மனைவியும் நினைக்கிறாங்க. அத்தை ஒத்துக்கல. என் தலை நல்லாத்தான் இருக்கு, என் வீட்டுலதான் இருப்பேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாங்க. டாக்டர் என்ன சொல்லியிருக்கார்னா, பழைய விஷயத்தை எவ்வளவு சரியாச் சொல்றாங்கன்னு கவனிச்சு எழுதிட்டு வாங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்னு. அதுக்காக மருந்துக்கடைக்காரர் சட்டைப் பையில ஒரு சின்ன நோட்டு வச்சிருந்தார். கெட்டவர்னு சொல்ல மாட்டேன். அத்தைக்குத் தினம் சாப்பாடு கொண்டுபோறவர் அவர்தான்.

கிளம்புறப்போ சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னார். தாத்தா இதை வரைஞ்சப்போ எட்டு வயசு அத்தை பக்கத்துலயே நின்னாங்களாம். எதிர்ல நிக்கிற ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனியாம். அந்தப் பனி படத்துக்குள்ள இருக்காம். "எனக்குத் தெரிஞ்சு இருக்கிறதெல்லாம் அடுப்புப் புகைதாங்க. துடைச்சுக் குடுங்க, பார்த்துடலாம்"னு சொன்னார். நானும் சிரிச்சேன். கட்டத்துல "புகை, தூசி, கண்ணாடி உடைப்பு"ன்னு எழுதி உள்ள அனுப்பிட்டேன். பனின்னு எழுதல.

பொடியக்கா ஒரு படத்தைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு நாள் சும்மா பார்ப்பாங்க. சும்மான்னா சும்மா இல்ல. பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு, விளக்கைப் பக்கவாட்டுல சாய்ச்சு, வரைஞ்ச ஆள் எங்க ஆரம்பிச்சான், எங்க கையை ஊன்றினான், எங்க கோபப்பட்டான்னு வேவு பார்க்கிறது. மதியம் சாப்பிடுறப்போ வந்து எனக்கு ஒப்பிப்பாங்க. நான் கேட்கலைன்னாலும் ஒப்பிப்பாங்க.

அப்படித்தான் அந்தத் தாத்தாவும் எங்களோட சாப்பிட உட்கார்ந்தார். மனுஷன் இடதுகைக்காரன் தம்பி, வலது ஓரத்துலேருந்து இடது பக்கமாப் போயிருக்கான், இல்லேன்னா கை பட்டுக் கலைஞ்சிருக்கும்னாங்க. பிளான் வரையிற ஆள் இல்லையா, முதல்ல கெட்டியான ஹெச் பென்சில்ல தரைக்கோடு, அதுல ஏழு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு மரம். அப்புறம்தான் மெத்துன்னு இருக்கிற பி பென்சிலை எடுத்திருக்கான். இலையை அவன் வரையவே இல்லையாம், இலைக்கு நடுவுல தெரியிற வானத்தைத்தான் ஒவ்வொரு ஓட்டையாப் பார்த்துப் பார்த்து விட்டிருக்கானாம். வெளிச்சம் வேணுங்கிற இடத்துல ரொட்டித்துண்டால ஒத்தி எடுத்திருக்கான். கத்தியால பென்சிலைச் சீவினதும் முனையைச் சோதிக்க ஓரத்துல ஒரு சின்னக் கீறல். அக்கா எண்ணிப் பார்த்தாங்க, நாற்பத்தி மூணு கீறல். "ஒரு காலையில நாற்பத்தி மூணு தடவை சீவியிருக்கான். பென்சில் மிஞ்சியிருக்குமா?"ன்னு கேட்டுட்டு அவங்களே சிரிச்சுக்கிட்டாங்க.

ஒரே ஒரு குறைதான் சொன்னாங்க. முன்னாடி நாலு மரம் பட்டை, கணு, முண்டு எல்லாம் வச்சு நிக்குது. பின்னாடி மூணு மரம் வெறும் ஓரக்கோடு. பாதியில விட்டுட்டு எழுந்து போயிட்டான், யாரோ கூப்பிட்டிருப்பாங்கன்னு அக்காவுக்கு வருத்தம். குறிப்பேட்டுல "முடிக்காத படம்"னு எழுதினாங்க.

சுத்தம் பண்றதுக்கு ஒரு முறை இருக்கு. முதல்ல கோடே இல்லாத ஒரு மூலையில பொடியை உருட்டிப் பார்க்கணும். அந்தப் பொடியைப் பொட்டலம் கட்டி, பூதக்கண்ணாடியில பார்க்கணும். அக்கா பார்த்தாங்க, மங்கலான கறுப்பு, சுத்தமான அடுப்புப் புகை. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாள் பொடியையும் தேதி போட்டுத் தனித்தனிப் பொட்டலமா வைக்கணும், அன்னன்னைக்கே பார்க்கணும். ரெண்டு நாள் பார்த்தாங்க. மரமே இல்லாத வலது ஓரத்துலேருந்து ஆரம்பிச்சதால ரெண்டு நாளும் புகைதான். மூணாவது நாள்லேருந்து பொட்டலம் கட்டினாங்க, பார்க்கல. முப்பத்தோரு வருஷத்துக் கை, அழுக்குன்னா என்னன்னு அதுக்குத் தெரியாதா? இப்படித்தான் அவங்க நினைச்சிருக்காங்க. நானா இருந்தா முதல் நாளே பார்த்திருக்க மாட்டேன்.

படம் முடிஞ்சு வெளியில வந்தப்போ ஆபீஸே எழுந்து வந்து பார்த்துச்சு. ஏழு மரமும் அப்பத்தான் குளிச்சுட்டு வந்த மாதிரி பளிச்சுன்னு நிக்குது. மேலாளர், அவர் யாரையும் பாராட்டிக் கேட்டதில்ல, நல்லா வந்திருக்குன்னு ரெண்டு தடவை சொன்னார். நான் படத்தோட ஓரத்தை மூடி நாலு பக்கமும் வர்ற மவுண்ட் அட்டை வெட்டி, சட்டம் போட்டு, மருந்துக்கடைக்காரர் கையில கொடுத்தேன். அவர் கண்ணை அகலமா விரிச்சுப் பார்த்தார். பார்த்துட்டு, "பனியும் இல்ல, ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னார். ஆமாங்க, நல்ல வெயில்னு நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். இந்த வாயை என்ன பண்றதுன்னு இன்னைக்கும் தெரியல.

பத்து நாள் கழிச்சு நன்றி சொல்ல வந்தார். அப்போ பொடியக்கா என் மேஜைக்கு எதிர்ல உட்கார்ந்து டீ குடிச்சிக்கிட்டிருந்தாங்க. அக்காவைப் பார்த்ததும் அவருக்கு ரொம்ப சந்தோஷம். படம் அருமை, ஆனா அத்தையைத்தான் சமாளிக்க முடியலன்னார். சுவர்ல மாட்டினதும் பார்த்துட்டு, இது எங்க அப்பா வரைஞ்சது இல்ல, மாத்திட்டாங்க, பனி எங்க போச்சுன்னு ஒரே அழுகையாம். நேர்ல பார்த்தும் நம்பல. சொந்த அப்பா படமே அடையாளம் தெரியலைன்னா இனிமே என்ன இருக்கு? நோட்டுல எழுதி டாக்டர்கிட்டக் காட்டியிருக்கார். டாக்டரும் தலையை ஆட்டிட்டார். அடுத்த மாசம் முதல் தேதி இல்லத்துல இடம் கிடைச்சிருக்கு.

அக்கா டம்ளரைக் கீழ வச்சாங்க. "எந்தப் பனி?"ன்னு கேட்டாங்க.

அவர் என்கிட்ட சொன்ன கதையைத் திரும்பச் சொன்னார். அக்கா எழுந்து உள்ள போயிட்டாங்க. அவர் கிளம்பினதும் நானும் போனேன். மேஜை மேல பொட்டலமெல்லாம் வரிசையா பிரிச்சுக் கிடந்துச்சு. என்னைக் கூப்பிட்டு பூதக்கண்ணாடியைக் கையில கொடுத்தாங்க. முதல் மூணு பொட்டலம் மங்கல். நாலாவதுலேருந்து பொடி மினுமினுன்னு இருந்துச்சு. புகை மினுங்காது தம்பி, பென்சில்தான் மினுங்கும்னு சொன்னாங்க.

நாற்பத்தி மூணு தடவை சீவின பென்சில் எங்க போச்சுன்னு அப்பத்தான் எங்களுக்கு விளங்குச்சு. அந்த மனுஷன் சீவல்ல விழுந்த கரித்தூளைச் சேர்த்து வச்சு, விரலால தேய்ச்சுத் தேய்ச்சு மரத்துக்கு நடுவுல பனியா பரப்பியிருக்கார். பின்னாடி மூணு மரத்தைப் பாதியில விடவே இல்ல. பனிக்குள்ள நிக்கிற மரத்துக்குப் பட்டையும் கணுவும் எப்படித் தெரியும்? அது மேல நாற்பது வருஷத்துப் புகை படிஞ்சு, ரெண்டும் ஒரே சாம்பலாப் போச்சு. அக்கா புகையோட பனியையும் சேர்த்து எடுத்துட்டாங்க.

அப்போ நான் சொன்னேன், படம் வந்த அன்னைக்கே அந்த ஆள் பனின்னு சொன்னாரு அக்கா, நான்தான் எழுதலன்னு. கையில கிடைச்சதை எடுத்து என்னை அடிப்பாங்கன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "எழுதியிருந்தா படிச்சிருப்பேன்"னு மட்டும் சொன்னாங்க. பொடியைத் திரும்ப மடிச்சு வச்சுட்டு, "பொட்டலத்தை நான் பார்த்திருக்கணும்"னு சொன்னாங்க.

எனக்கு மனசு ஆறல. சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கே, அதைப் பார்த்து அதே மாதிரி கரித்தூளைத் தேய்ச்சுட்டா என்னன்னு கேட்டேன். அக்கா என்னை முறைச்சாங்க. எங்க வேலையில எடுக்கலாம், சேர்க்கக் கூடாது. வரைஞ்சவன் வைக்காத ஒரு புள்ளியை நாம வைக்கக் கூடாது. "தேய்ச்சா அது என் பனி. அந்த அம்மா பார்த்த பனி இல்ல"ன்னாங்க. மேலாளர்கிட்டப் போனாங்க. அவர், கொடுத்தவருக்குத் திருப்தி, புகார் எதுவும் இல்ல, நாமளா எதுக்கு வம்பை விலைக்கு வாங்கணும்னார். அக்கா வாதாடல. வந்து உட்கார்ந்து, வேலை அறிக்கையைத் திருப்பி வாங்கி, கடைசி வரியா "பனியை நான் துடைத்துவிட்டேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.

ஒண்ணாம் தேதிக்கு நாலு நாள் இருந்தப்போ, ஒரு காலையில லீவு போட்டுட்டு ரெண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனோம். போட்டோ, பொட்டலங்கள், பூதக்கண்ணாடி, என் ஸ்க்ரூடிரைவர். லிப்ட் வேலை செய்யல. நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நிக்கிறோம், கதவைத் திறந்தது மருந்துக்கடைக்காரர். வீட்டுல பாதி சாமான் பெட்டிக்குள்ள போயிடுச்சு. அத்தை ஜன்னலோரம் நாற்காலியில, தலையை ஒழுங்கா வாரிக்கிட்டு, பரீட்சைக்கு வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாங்க. ஒல்லியான அம்மா. படம் எதிர்ச் சுவர்ல இருந்துச்சு.

அக்கா எல்லாத்தையும் சொன்னாங்க. தப்பு என்னோடதுங்க, அத்தை சொன்னதுதான் சரின்னு சொன்னாங்க. அவர் ரொம்பப் பொறுமையாக் கேட்டார். போட்டோவைப் பார்த்தார், முழுக்கச் சாம்பல்தான், இது புகைதானேன்னார். பொட்டலத்தைப் பார்த்தார். மருந்து நிறுத்துப் பழகின ஆள், அவருக்குத் தெரியாதா? "மினுங்குது, சரி. மரத்துக் கோட்டுலேருந்தும் கொஞ்சம் வந்திருக்கலாம் இல்லைங்களா?"ன்னு கேட்டார். வந்திருக்கலாம்தான். அக்காவால இல்லைன்னு சொல்ல முடியல, ஏன்னா அக்காவுக்குப் பொய் வராது. "உங்களுக்கு நல்ல மனசுங்க. வயசானவங்க மனசு நோகக் கூடாதுன்னு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க"ன்னு சொல்லி அவர் அக்காவைக் கும்பிட்டார். அக்காவுக்கு முகம் செத்துப் போச்சு. செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டா, அதையும் தர்மக் கணக்குல வரவு வச்சா என்னதான் பண்றது?

இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. எந்தப் படத்தைச் சுத்தம் பண்ணினாலும், ஒரு ஓரத்துல விரல் அகலத்துக்குத் தொடாம விட்டு வைப்பாங்க அக்கா, முன்னாடி எப்படி இருந்துச்சுங்கிறதுக்குச் சாட்சியா. அது மவுண்ட் அட்டைக்கு அடியில மறைஞ்சிடும். நான் படத்தை இறக்கி, திருகை எல்லாம் கழட்டி, அட்டையைத் தூக்கினேன். இடது ஓரத்துல அந்தக் கீத்து அப்படியே இருந்துச்சு. சாய்வா வந்த ஜன்னல் வெளிச்சத்துல விரல் தேய்ச்ச தடம் ஒவ்வொண்ணும் தெரிஞ்சுது. கடைசி மரத்தோட ஒரு கிளை அதுக்குள்ள போய் மங்கிக் கரைஞ்சிருந்துச்சு.

மருந்துக்கடைக்காரர் குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தார். முதல் தடவையா அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சுன்னு அவர் முகத்துல தெரிஞ்சுது. அவர் நிமிர்ந்து அத்தை பக்கம் திரும்பினார். நியாயமான ஆள்தான், அவங்களையே கேட்டுடலாம்னு நினைச்சிருக்கார். பழக்கதோஷத்துல சட்டைப் பையிலேருந்து அந்த நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கிட்டார்.

"அத்தை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னைக்குப் பனியா, வெயிலா?"

நான் படத்தை அவங்க மடியில வச்சேன். அவங்க அந்தக் கீத்தைப் பார்த்தாங்க. விரலை அது மேல கொண்டுபோனாங்க, தொடாம நிறுத்திக்கிட்டாங்க. அப்புறம் நிமிர்ந்து அண்ணன் மகன் முகத்தைப் பார்த்தாங்க. நோட்டைப் பார்த்தாங்க. பெட்டிகளைப் பார்த்தாங்க.

"வெயில்தான்பா. நான்தான் குழப்பிக்கிட்டேன். இப்போ எனக்கு எல்லாம் தெளிவா ஞாபகம் இருக்கு. இனிமே தப்பாச் சொல்ல மாட்டேன், எழுதிக்கோ."

அவர் எழுதினார். போன வாரம் பனி, இந்த வாரம் வெயில்னு எழுதியிருப்பார், வேற என்ன எழுத முடியும்? அப்புறம் எங்களுக்குத் தண்ணி கொண்டுவர உள்ள போனார். அக்கா அந்த நாற்காலி பக்கத்துல தரையில அப்படியே உட்கார்ந்துட்டாங்க. அந்த அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க முதல்ல சொன்னதுதான் சரிம்மா. பனிதான்"னு சொன்னாங்க.

அந்த அம்மா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, அக்கா காதுகிட்டக் குனிஞ்சாங்க.

"தெரியும்மா. மெதுவாப் பேசு, அவன் காதுல விழப்போகுது."